ஒட்டுப்போட்ட தாள்

இசக்கிசெல்வி பழுப்புத் தாளின்மேல் மல்லாந்து படுத்தபோது அவள் பாதங்கள் இரண்டும் தாளைத் தாண்டி சிமெண்டுத் தரையில் நீட்டிக்கொண்டிருந்தன. சேரப்பணஞ்சேரியில் தென்மாவட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அறை அது. சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த சரோஜா மேடம் கீழே இன்னொரு துண்டை ஒட்டினார்.

"ஏட்டி, ஒனக்கு மட்டும் ஒன்றரைத் தாளுட்டி," என்று சொல்லிக்கொண்டே கூடவே வேலை பார்க்கும் மாடத்தி அவள் உடம்பைச் சுற்றிக் கோடு இழுத்தாள். இடுப்பருகே பேனா பட்டதும் கூசி செல்வி நெளிந்தாள். கோடும் நெளிந்தது.

கஷ்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால்தான் படம் என்றார் மேடம். வலிக்கிற இடத்தில் கலர் பூச வேண்டும். பேர் எழுத வேண்டாம், யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

ஒருத்தி வயிறு முழுக்கச் சிவப்பைப் பூசிவிட்டு, "பசி வலியில சேருமா மேடம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்விக்கு வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. செல்போனுக்குள் சின்னச் சின்னத் திருகாணி வைக்கும் வேலை. இடது கையால் சமாளிக்கிறாள். மாடத்திக்கு மட்டும்தான் தெரியும். டிரெய்னிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று அடுத்த வாரம் முடிவு செய்கிறார்கள். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். அங்கே பீடி சுற்றவும் இதே விரல்கள்தான் வேண்டும்.

"வலி இல்ல மேடம். ஒண்ணுமே தெரியாது. அதுக்கு என்ன கலரு?"

"உனக்குத் தோணுறதப் பூசும்மா."

எங்காவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பேர்தான் இல்லையே. மூன்று விரல்களுக்கும் கறுப்பு பூசினாள்.

படங்களைப் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். ஊர்க்காரர்களையும் கம்பெனி அதிகாரிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து செல்வியும் மாடத்தியும் அங்கே போனபோது, மற்ற படங்களெல்லாம் சுவரோடு நிற்க, ஒன்று மட்டும் சுவர் உயரத்துக்குள் அடங்காமல் கால் மடங்கித் தரையில் கிடந்தது. அதன் முன்னால் மேனேஜரும் சூப்பர்வைசர் வசந்தகுமாரும் நின்றிருந்தார்கள்.

"இது நம்ம லைன் ஒட்டகச்சிவிங்கி இல்ல?" என்றார் மேனேஜர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வசந்தகுமார் குனிந்து அந்தக் கறுப்பு விரல்களைப் பார்த்தார்.

"கழட்டிருவமாட்டி?" என்றாள் மாடத்தி.

"பாத்துட்டாவ."

மறுநாள் வசந்தகுமார் லைனில் செல்வியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா பரவால்லம்மா. மேல கீறவரும் பார்த்துட்டாரே, நா இன்னா பண்றது?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மேஜைமேல் ஒரு திருகாணியை வைத்தார். "எடும்மா. அந்தக் கையில."

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி நிமிரவில்லை. செல்வி மூன்று விரல்களையும் திருகாணியின் மேல் கொண்டுபோய்க் குவித்தாள். பிடித்ததா, இல்லையா? விரல்கள் எதையும் சொல்லவில்லை. கையை மெல்ல உயர்த்தினாள். மேஜையைக் குனிந்து பார்க்கத் துணியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.