அரிசியில் போட்ட குருசு

"அரிசிப்பெட்டிச் சாவியைத் தாங்க மாமி."

கேட்டே விட்டாள் ஷீஜா. கேட்கக்கூடாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வேற என்ன வேணும்னாலும் கேளு மக்கா. மாமியாருக்க மடியில இருக்க சாவியை மட்டும் கேக்காத." அம்பூரியில் ரப்பர் வெட்டுகிற குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி எடுத்தவள் ஷீஜா. பி.எஸ்சி. வேதியியல். அம்மா சொன்னதற்குத் தலையாட்டினாள், பதினொரு மாதம் அப்படியே இருந்தாள்.

இன்று காலை குளித்துவிட்டு வந்தபோது, ஊருக்குப் போக அவள் கட்டி வைத்திருந்த துணிப்பை கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மடித்து வைத்த சேலை உதறிப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் மாமியார் சுகிர்தபாய்.

"என்ன தேடினீங்க?"

"ஒண்ணுமில்ல. எலி கேறிச்சோன்னு பாத்தேன்."

ஒரு வாரமாகவே அந்த வீட்டில் எலி பயம்தான். இத்தனை காலமும் சும்மா கிடந்த அரிசிப்பெட்டிக்குப் பூட்டு வந்தது. அவள் அடுக்களையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்கும். பக்கத்து வீட்டு விலாசினி வேலிக்கு அப்பால் நின்று, "அம்பூரிக்குப் போவும்போ பை நல்ல கனமாக்கும் இல்லியா?" என்று சிரித்தாள். ஷீஜாவுக்குப் புரிந்தது. கள்ளி என்ற பேரைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் இனி ஒரு நேரம்கூட உலை வைக்க அவளால் ஆகாது.

ஆனால் சுகிர்தபாயின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். பாறசாலையில் ஒரு லேத்துப் பட்டறையில் மகன் சஜி வாங்குகிற வாரக்கூலியில்தான் வீடு ஓடியது. மீன்காரி லில்லிக்குட்டி தெருவெல்லாம் சுற்றிக் கூடை ஒழியப்போகிற நேரம் பார்த்துத்தான் சுகிர்தபாய் வாசலுக்கு வருவாள். ஒரு தேங்காயை இரண்டு நாளைக்கு இழுப்பாள். மீன் தலையில் ஒரு கறி, பப்பாளிக்காயில் ஒரு துவரன், கஞ்சிக்கு ஒரு காந்தாரி மிளகாய்த் துவையல். ஒன்றுமில்லாத நாளிலும் தெருவில் போகிறவன் மூக்கை இழுத்துக்கொண்டு போவான்.

அரிசியில்தான் பிசகு. தினமும் இரண்டு டம்ளர் அரிசியை அவளே அளந்து கொடுப்பாள். உலையில் போடும் முன் அதில் ஒரு பிடி எடுத்து, சபைக்கென்று வைத்திருக்கும் மண்கலயத்தில் போட வேண்டும். பிடியரிசி. சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். அளந்த அரிசியில் ஒரு பிடி போனால் ஒரு ஆளின் கஞ்சி போகும். அந்த ஆள் கடைசியில் சாப்பிடுகிறவள், அதாவது ஷீஜா. ஒரு மாதம் வெறும் கஞ்சித்தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கர்த்தருக்குள்ள பங்கு ஏன் என் வயிற்றிலிருந்தே போக வேண்டும் என்று கோபம் வந்தது. அன்றிலிருந்து பிடியரிசியைப் பெட்டியிலிருந்தே எடுத்தாள், அதுவும் கை நிறைய. பெட்டிக்குள் அரிசியின் மேல் விரலால் ஒரு குருசு, சிலுவைக்குறி, வரைந்திருந்தது. மாமியின் செபம் என்று நினைத்தாள். எடுத்த இடத்தை நிரவிவிட்டு, குருசை முன்பு இருந்தபடியே பயபக்தியோடு வரைந்து மூடுவாள்.

போன மாதம் சபையில் கூடுதல் பிடியரிசி தந்த வீடு என்று இவர்கள் வீட்டுப் பேரை வாசித்தார்கள். சுகிர்தபாய் அன்று நிமிர்த்திய தலையை வீடு வரும்வரை தாழ்த்தவில்லை.

இப்போது அந்த மாமிதான் சாவி முடிந்த மடியைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுப்பில் சூரைமீன் கறி தளதளத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சஜி பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"சாவி கேக்க நீ யாருட்டீ?"

"தராட்டா பூட்டை உடைப்பேன். எனக்க பையை நீங்க திறந்தீங்கல்லா? உங்க பெட்டியை நான் திறக்கப்பிடாதா?"

"எட்டீ, சும்மா இரி," என்றான் சஜி.

அவள் சும்மா இருக்கவில்லை. சுகிர்தபாயும் ஒரு வைராக்கியத்தோடு சாவியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தாள். அரிசியின் மேல் குருசு அழியாமல் இருந்தது.

"எலே சஜி, நீயே பாரு. பூட்டு போட்ட பொறவு அளந்ததுக்கு மேல அரிசி குறையல்ல. அதுக்கு முன்ன அரிசி தாழ்ந்துட்டே போச்சு, நான் போட்ட அடையாளம் மட்டும் அழியல்ல. காலேஜு படிச்ச கையில்லியா? வடிவா வரைஞ்சு வச்சிருக்கா கள்ளி!"

ஷீஜாவுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. "அது... செபமில்லியா?"

"செபமா? யாராவது கை வச்சா தெரியதுக்கு உள்ள அடையாளமாக்கும்!"

சஜி சிரித்துவிட்டான். "சின்னதுல நான் கை வச்சிரப்பிடாதுன்னு கருப்பட்டி டின்னுலயும் அம்மா குருசு போடுவா."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. "அம்மா சொன்னா. நான் உன்கிட்ட வல்லதும் கேட்டனா? பாவம், அம்பூரிக்கு ரெண்டு பிடி போனா போவட்டும்னு விட்டேன்."

பெரிய மனசோடுதான் சொன்னான். மாமியார் கள்ளி என்றதுகூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை.

"மாமி, சபையில நம்ம பேரு வாசிச்சப்போ தலையை நிமிர்த்திட்டு இருந்தீங்களே, அந்த அரிசி எங்க இருந்து வந்துதுன்னு நினைச்சீங்க? நீங்க அளந்து தந்த ரெண்டு டம்ளர்ல இருந்தா? பெட்டியில இருந்தாக்கும். உங்க கலயத்துலதான் போட்டேன். இன்னைக்கு சபைக்காரங்க வருவாங்கல்லா, கேட்டுப் பாருங்க, இந்த வாரம் ஏன் பாதியாச்சுன்னு அவங்களே கேப்பாங்க."

சுகிர்தபாய் கலயத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "இதை முன்னமே சொல்லப்பிடாதா?" என்றாள்.

"நீங்க கேக்கப்பிடாதா?"

"செரி விடு மக்கா. கறி ஆறுது. அவனுக்கு விளம்பு."

ஷீஜா விளம்பினாள். தனக்கு. அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தட்டில் போட்டு, வழக்கமாகச் சஜிக்குப் போகும் நடுத்துண்டைச் சட்டியிலிருந்து எடுத்து மேலே வைத்து, சாறும் கோரி ஊற்றினாள். இருவர் முன்னாலும் சம்மணமிட்டு உட்கார்ந்து தின்றாள். குடம்புளி மீனில் நன்றாகப் பிடித்திருந்தது. முள்ளை உறிஞ்சினாள். அந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக வயிறு நிறைந்தது.

"கறி நல்லா இருக்கு மாமி," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சேலையை மறுபடி மடித்துப் பையில் வைத்தாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து சர்டிபிகேட்டுகளையும், வேதியியல் பாடம் நடத்தக் கூப்பிட்டு நெய்யாற்றின்கரை டியூட்டோரியலில் இருந்து வந்த கடிதத்தையும் எடுத்தாள். அடுக்களையை யார் பார்ப்பது என்று மாமி கேட்டதால் இரண்டு வாரமாகப் பதில் போடாமல் வைத்திருந்த கடிதம். திங்கட்கிழமைக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

சஜி வாசல்வரை வந்தான். "நாளைக்கு சாயங்காலம் வந்திருவல்லா?"

"இல்ல. திங்கக்கிழமை டியூட்டோரியல்ல சேருறேன். அம்பூரில இருந்தே பஸ்ஸு உண்டு."

"அப்போ இஞ்ச?"

"இஞ்ச அரிசி குறையாது. பயப்படாதீங்க."

வேலியோரம் விலாசினி நின்றாள். ஷீஜா அவள் எதிரில் நின்று, பையை விரித்து உள்ளே காட்டினாள். பிறகு தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.