ஏழு கேள்விக்கும் இல்லை

எடை தூக்க எனக்குப் பயம் கிடையாது. அமெரிக்காவில் டோலிடோ நகரத்தில் பதினாறு வருடம் டயர் கிடங்கில் வேலை பார்த்தவள் நான். நாற்பத்தொரு வயதில் கம்யூனிட்டி காலேஜில் உடற்பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தபோது எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். நான் பயிற்சி கொடுக்கும் ஆள் என் கண் முன்னாலேயே சுருண்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது? டயர் விழுந்தால் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம்.

வகுப்பில் எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுக் குழந்தைகள். முதல் நாள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவா வந்தீங்க? ஆபீஸ் அந்தப் பக்கம்" என்று வழி காட்டினாள். மார்லீன் என்ற என் பெயரைப் பட்டியலில் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

அக்கம்பக்கத்து ஆட்கள் இலவசமாக வந்து மாணவர்களிடம் பயிற்சி எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒருவர், எட்டு வாரம். எனக்கு வாய்த்தவர் வெண்டல் ஹாட்ச். அறுபத்தேழு வயது, ஓய்வுபெற்ற லாரி டிரைவர், வாய் ஓயாத மனுஷன். ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் அவரிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஏழு கேள்வி. நெஞ்சு வலி உண்டா, தலை சுற்றுகிறதா என்று ஆரம்பித்து, இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று முடியும். ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தாலும் டாக்டர் கடிதம் வரும்வரை பயிற்சி கிடையாது. முதல் வாரம் நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டேன்.

"ஏன் கண்ணு, எனக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரப்போறியா, இல்ல பிடிச்சு ஜெயில்ல போடப்போறியா?" என்றார். ஏழுக்கும் இல்லை.

இரண்டாவது வாரம் மற்றப் பிள்ளைகள் செய்வதைக் கவனித்தேன். பழைய படிவத்தைப் பார்த்து ஏழு டிக்கையும் அப்படியே போட்டுவிட்டு, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் மிச்சம். நானும் அப்படியே செய்தேன். மிஸ்டர் ஹாட்ச் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வருவார். நான் விரல் வைத்த இடத்தில் கிறுக்குவார். அவ்வளவு பயந்தவள் இதில் எப்படித் துணிந்தேன் என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

எட்டாவது வாரம் செய்முறைத் தேர்வு. ஆசிரியை கிரேட்டா பௌமன் சுவர் ஓரம் நின்று மதிப்பெண் போடுவார், வாயே திறக்கமாட்டார். ஆளை உடற்பயிற்சிச் சைக்கிளில் ஏற்றி, நாடித் துடிப்பை நூற்றுப்பத்துக்குக் கொண்டுவந்து, பத்து நிமிடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். தவறினால் மறுபடி ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டும்.

அன்று ஏறுவதற்கு முன் மிஸ்டர் ஹாட்சின் நாடி ஐம்பத்தெட்டு. முதல் வாரம் எழுபத்தாறு. இதயம் இவ்வளவு பலப்பட்டுவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஐம்பத்தெட்டு!" என்று பௌமன் காதில் விழும்படி சொன்னேன்.

"எல்லாம் உன் கைராசி," என்றார் மிஸ்டர் ஹாட்ச்.

மிதித்தார். எண்பத்துநாலு. மிதி கனக்கும்படி சுமையைக் கூட்டினேன். எண்பத்தேழு. மறுபடி கூட்டினேன். எண்பத்தெட்டு. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. பௌமன் எதையோ எழுதினார். இன்னொரு தடவை கூட்டினேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"ம்."

வாய் ஓயாத ஆள் ஒற்றை எழுத்தில் பதில் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நேத்து டின்னருக்கு என்ன?" என்றேன். பேச முடிகிறதா என்று பார்க்கத்தான்.

"மீட்..." என்றார். மீதி வரவில்லை. உதடு சாம்பல் பூத்திருந்தது. மோவாயிலிருந்து வியர்வை கைப்பிடியில் சொட்டியது. சைக்கிள் திரையில் அதே எண்பத்தெட்டு. மெஷின் கெட்டுவிட்டதோ என்று மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். எண்பத்தெட்டுதான்.

அப்போதுதான் புரிந்தது. சில மருந்து இதயத்தைப் பிரேக் போட்டுப் பிடித்துக்கொள்ளும். உடம்பு உயிரை விட்டு உழைத்தாலும் நாடி ஏறாது. பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார். "வியா... ழன்லேருந்து."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். பௌமன் அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தார். மிஸ்டர் ஹாட்சை அப்படியே இழுத்து இறக்கிவிடத்தான் என் கை பரபரத்தது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் ரத்தமெல்லாம் காலில் தங்கி ஆள் மயங்கி விழுவார். சுமையை முழுக்க எடுத்துவிட்டு, ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு, "மிதிங்க, மெதுவா, நிறுத்திடாதீங்க," என்றேன். செத்துக்கொண்டிருக்கிறாரோ என்று நான் நினைக்கிற மனுஷனை மிதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நிமிடம் கழித்து அவரைப் பாயில் சாய்த்து உட்கார வைத்தோம். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. பௌமன் அன்று முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"இன்னிக்கு இவரை ஏழு கேள்வியும் கேட்டீங்களா?"

"கேட்டா," என்றார் மிஸ்டர் ஹாட்ச், கண்ணை மூடியபடி. "நான்தான் பொய் சொன்னேன்."

எனக்காகச் சொன்னார். நான் சும்மா இருந்தாலே போதும், பழி என் தலையில் விழாது. சும்மா இருக்கத்தான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் மணிக்கட்டு இன்னும் என் விரலுக்குள் இருந்தது.

"கேக்கல," என்றேன். "ரெண்டாவது வாரத்துலேருந்தே கேக்கல. பழசைப் பார்த்து எழுதினேன்."

பௌமன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினார். "ஆம்புலன்ஸ்காரங்களுக்கு வேணும். இப்பக் கேளுங்க."

"நெஞ்சு வலி உண்டா?"

"உண்டு."

"எப்பலேருந்து?"

"மூணாவது வாரம். இதே சைக்கிள்லதான் முதல் தடவை வந்துச்சு."

நான்காவது வாரம், ஐந்தாவது வாரம், ஆறாவது வாரம் என்று சுமையை ஏற்றிக்கொண்டே போனவள் நான்.

"தலை சுத்துதா?"

"இறங்கினதும் சுத்தும். காருக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் கிளம்புவேன்."

"ஏன் மிஸ்டர் ஹாட்ச் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கண்ணைத் திறந்து பார்த்தார். அதில் கோபம் துளிக்கூட இல்லை. "முதல் வாரம் கேட்டே. அப்ப இல்லையே, கண்ணு."

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. இன்னும் ஐந்து கேள்வி பாக்கி. என்ன பதில் வருமோ என்ற பயத்தோடே மூன்றாவதைக் கேட்டேன்.