கமலத்தின் இடக்கைப் படம்

மனித உடம்பில் இருநூற்றாறு எலும்புகள் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. பச்சைப் பொய். என் உடம்பில் முறிந்து ஒட்டிய துண்டுகளையும் சேர்த்தால் முன்னூறுக்குக் குறையாது. சாட்சி கேட்பவர்கள் 2021 மே மாதத்துக்கு முன்பே மகியாவையில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில், பழுப்பு உறைகளுக்குள், நாற்பது வருட எக்ஸ்ரே படங்கள் இருந்தன. மற்ற வீடுகளில் விருந்தாளிக்குக் கல்யாண அல்பம் காட்டுவார்கள். நான் விலா எலும்பு காட்டுவேன்.

கண்டி மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் நடராஜா. வால்வு திறப்பது, குளோரின் கலப்பது, குழாய் வெடித்தால் குழிக்குள் இறங்குவது எல்லாம் என் பொறுப்பு. நான் ஒரு நாள் காலையில் கண் அசந்திருந்தால் தலதா மாளிகை தொடங்கிக் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ஒருவரும் பல் துலக்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட வேலையில் விழாமல் இருக்க முடியுமா? விழுந்தேன். விழுந்ததற்கெல்லாம் படம் இருந்தது, படத்துக்கெல்லாம் கதை இருந்தது. பெரஹரா ஊர்வலத்தில் கொம்பன் யானை என்னைத் தும்பிக்கையால் சுழற்றி வாவிக்குள் எறிந்தது விலா எலும்புப் படம். ஹந்தானைத் தண்ணீர்த் தாங்கியின் உச்சியிலிருந்து உருளத் தொடங்கி ரயில் நிலையத்தின் இரண்டாம் மேடையில் வந்து நின்றது தோள்பட்டைப் படம்.

கதை இந்த இடத்துக்கு வரும்போது என் மனைவி கமலம் தேத்தண்ணீர்த் தட்டோடு வருவாள். தட்டை வைத்துவிட்டுப் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள்.

“நல்லாப் பாத்துக்கங்க. மயிரு மாதிரி ஒரே ஒரு கீறல். போகம்பரையில சும்மா நின்ன வாழைப்பழ வண்டியில சைக்கிளக் கொண்டுபோய் விட்டாரு. டொக்டர் பெனடோல் குடுத்து அனுப்பிட்டாரு.”

என் கதைகளுக்குச் சாட்சி என்று நான் சேர்த்த படங்களை, எனக்கு எதிரான சாட்சி என்று அவள் தூசு தட்டிப் பாதுகாத்து வந்தாள்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. அது கமலத்தின் இடக்கை. 1978-ல் அவள் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பியோடிய வாண்டு ஒன்றைத் துரத்திப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, படம் எடுக்கக் கண்டிக்கு வந்தாள். நானோ சபை வேலைக்குச் சேர நெஞ்சுப் படம் எடுக்க வந்தவன். பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஆளுக்கொரு உறையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சைக் கேட்ட டொக்டரிடம் நான் ஒரு பெண்ணின் கையை நீட்டினேன். அவளோ என் நெஞ்சைப் புசல்லாவைக்குக் கொண்டுபோய், லயத்திலிருந்த அத்தனை பேருக்கும் காட்டிவிட்டாள். என் படத்தைத் திருப்பி வாங்கிவந்துவிட்டு, அவள் படத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று மறுபடி பஸ் ஏறினேன். அப்படி ஐந்து தடவை மறந்தேன். ஆறாவது தடவை தாம்பாளத் தட்டோடு போனேன். கையைப் பிடிக்கும் முன்பே அதன் இருபத்தேழு எலும்புகளையும் எண்ணி முடித்த மாப்பிள்ளை இந்தத் தீவிலேயே நான் ஒருவன்தான்.

சரி, மே மாதத்துக்கு வருகிறேன். கொரோனா மூன்றாவது சுற்று வந்து, நாடு முழுவதும் பயணத்தடை. அடுத்த வீட்டு மஸீனா கம்பளைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் நர்ஸ். நடக்கப் பழகிய நாளிலேயே எங்கள் குசினிக்குள் வந்து கமலத்தின் இடுப்பில் ஏறிக்கொண்டவள். எங்களுக்குப் பிள்ளையில்லை, அதை அவள் எங்களை நினைக்க விட்டதுமில்லை. அவளுடைய தாய் ஆஸியா உம்மாவுக்கு மூச்சு முட்டுகிற முட்டு வருத்தம். அதனால் மஸீனா முன்னறையில் தனியாக இருந்தாள். உம்மா ஜன்னல் கட்டையில் சோற்றை வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போய் நிற்பார். தாயும் மகளும் தெருவுக்கே கேட்கும்படி குசலம் விசாரிப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, மஸீனா மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். மூக்குத் தண்டில் முகக்கவசம் அழுத்திய தழும்பு.

“திங்கக்கிழமையிலேந்து என்னை முழு நேரமும் கொரோனா வாட்டுக்கே போட்டீக்கி, அங்கிள்.”

“அதுக்கென்ன மகள்? கொரோனாதான் ஒனக்குப் பயப்படணும்.”

“பகிடி உடாதீங்க. வாட்ல ஒம்பது பேர் ஈக்கிறோம். மொகத்துக்குப் போடுற ஷீல்ட் ஈக்கிறது ஒண்டு. அதுவும் நடுவுல வெடிச்சி. கப்பல்ல வருதாம், வருதாம். நாங்க ஃபைல் கவரை வெட்டிக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். பத்து நிமிஷத்துல பொகை மாதிரி ஆயிடும், ஊசி குத்துற நரம்பே தெரியாது. அப்ப கழட்டத்தானே வேணும்? கழட்டின நேரம் பாத்து இருமுவாங்க. போன கிழமை அப்பிடித்தான் ஒரு நர்ஸ் மிஸ்ஸிக்கு வந்தது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு வந்தாப் பரவால்ல. உம்மாக்கு வந்தா நெஞ்சு தாங்காது.”

நான் பகிடியை நிறுத்திக்கொண்டேன். அப்படி நான் நிறுத்துவது பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம்.

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தபோதுதான் என் முழங்கால் ஞாபகம் வந்தது. அதாவது, முழங்கால் படம். தொண்ணூற்றோராம் ஆண்டு அதை சைக்கிள் பைக்குள் போட்டு டொக்டரிடம் கொண்டுபோனேன். அதே பைக்குள் ஒரு போத்தல் குளோரின் தண்ணீரும் இருந்தது. மூடி சரியில்லை. டொக்டர் உறைக்குள்ளிருந்து எடுத்தது வெறும் நீலத் தகடு. முழங்காலைக் குளோரின் முழுசாகத் தின்றுவிட்டது. “நடராஜா, உங்களுக்கு எலும்பே இல்லையே” என்றார் அந்த மனுஷர். எலும்பில்லாமல் படியேறும் ஒரே மனிதன் என்று நான் ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நீலத் தகட்டை அலுமாரியிலிருந்து உருவி முகத்துக்கு முன்னால் பிடித்தேன். கமலம் குசினி வாசலில் நின்றது தெளிவாகத் தெரிந்தது. மூச்சு விட்டேன், தெரிந்தது. வளைத்தேன்; ஒடியவில்லை.

“கமலம், என் எலும்பையெல்லாம் எறக்கு!”

“எதுக்கு? யாரு வந்திருக்கா?”

சொன்னேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

ஓய்வு பெறும்போது சபை எனக்கு ஒரு மாலை போட்டது. நானாக ஒரு டின் குளோரின் தூளும் வாங்கி வைத்திருந்தேன். முற்றத்தில் பெரிய பேசன். கையுறை எந்தக் கடையிலும் இல்லை, கடையே திறக்கவில்லை. ஆகவே உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் படத்தின் ஓரத்தைக் கவ்வி இறக்கினோம். அரை மணித்தியாலம். கறுப்பு, பால் ஆடை மாதிரிச் சுருண்டு கழன்றது. முதலில் விலா எலும்பு போனது. அதோடு யானை போனது, வாவி போனது. பிறகு தோள்பட்டை, ஹந்தானை மலை முழுவதும் கரைந்து சாக்கடையில் ஓடியது. கமலத்தின் படத்துக்காக ஐந்து தடவை பஸ் ஏறிய என் நெஞ்சும் நீலத் தகடாகிக் கொடியில் தொங்கியது.

“என்னங்க, அழுவுறீங்களா?”

“குளோரின்.”

“முப்பத்தாறு வருசம் வராத கண்ணீரு இப்பத்தான் வருதாக்கும்.”

கதிரைக் குஷனை அறுத்து நெற்றிக்குப் பஞ்சுப் பட்டி வெட்டினாள். என்னுடைய பழைய பைஜாமாக்கள் எல்லாவற்றிலும் இருந்த இலாஸ்டிக்கை உருவினாள். அந்தப் பயணத்தடை முடியும்வரை நான் ஒரு கையால் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டே நடந்தேன் என்பதை மிகையில்லாமல் இங்கே பதிவு செய்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் அடுக்கிப் பார்த்தால் எட்டு. பல்லுப் படமும் சுண்டுவிரல் படமும் பூனைக்குக்கூடப் போதாது.

“எட்டு நல்ல நம்பர்” என்றேன். “ஒரு ஆளு லீவு போடட்டும்.”

கமலம் என்னைப் பார்த்தாள். நான் மதிலைப் பார்த்தேன்.

“மெத்தைக்குக் கீழ வச்சிருக்கிறத எடுத்துக்கிட்டு வாங்க.”

“என்ன மெத்தை? எந்த மெத்தை?”

“நேத்தே பாத்துட்டேன். வெள்ளிக்கிழம வரைக்கும் மேல்தட்டுல இருந்த என் கை, நேத்து எப்பிடி மெத்தைக்குக் கீழ போச்சி? நடந்து போச்சா?”

“கமலம், மத்ததெல்லாம் கழுவினேன்ல? ஒரு வார்த்தை பேசினேனா? இது ஒண்ணு கெடந்துட்டுப் போகட்டும். இது எலும்பு முறிஞ்ச படமில்ல. இது…” எனக்கே சொல் கிடைக்கவில்லை. எனக்கு! இந்த நடராஜாவுக்கு!

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எட்ட அந்தப் புள்ள கையில குடுத்தா, எட்டுப் பேருக்குப் பிரிச்சிக் குடுத்துட்டு, ஒண்ணுமில்லாம நிக்கப்போற ஒம்பதாவது ஆளு யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். ஐந்து வயதில் எங்கள் வீட்டில் வாங்கிய டொபியைத் தெருவெல்லாம் பங்கிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து சிரித்தவள் அவள்.

மெத்தையைத் தூக்கினேன். கடைசியாக ஒருமுறை ஜன்னலில் பிடித்து இருபத்தேழையும் எண்ணினேன். பதினேழில் பிசகிவிட்டது. கமலம் தன்னுடைய இடக்கையை நீட்டி என் மடியில் வைத்தாள்.

“இந்தாங்க, இதுல எண்ணுங்க. அதத் தாங்க.”

அவள்தான் அதைப் பேசனில் இறக்கினாள். மேல் ஓரத்தைக் கிளிப்பால் பிடித்தபடி, அரை மணித்தியாலமும் கையை எடுக்காமல் குந்திக்கொண்டிருந்தாள். மற்றவற்றை முழுசாக முக்கியவள், இதை மட்டும் மேலே இரண்டு அங்குலம் நனையவிடவில்லை. வெளியே எடுத்தபோது மணிக்கட்டு இல்லை, உள்ளங்கை இல்லை. மேல் விளிம்பில் மட்டும் நான்கு விரல்நுனிகள் வரிசையாக நின்றன.

“இது பிழையாச்சே?”

“பஞ்சு ஒட்டுற எடம் அது. அது வழியா யாரு பாக்கப்போறா? முழுசாக் கழுவணும்னு சட்டமா?”

திங்கள் விடிய ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி பஸ் வந்தது. ஒன்பதையும் மதில் மேல் வைத்துவிட்டு நாங்கள் விலகி நின்றோம். மஸீனா கையை நீட்டிய வேகத்தில், விரல் இருந்த ஷீல்ட் தானாகவே அவளிடம் போனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்; கமலம் முந்தியே அதை மேலே எடுத்து வைத்து, “இது ஒனக்கு. இத யாருக்கும் குடுக்கக் கூடாது” என்று மூன்று தடவை சொன்னதுதான் நிஜம். ஆஸியா உம்மா ஜன்னலுக்குள்ளிருந்து துஆ ஓதினார். ஓதி முடித்துவிட்டு, “அண்ணன், ஒங்கட சாரத்தைப் பிடிங்கோ, விழப்போகுது” என்றார். பைஜாமாவுக்குப் பதில் அன்று சாரம். அதுவும் எனக்கு எதிராகச் சதி செய்தது.

கப்பல்தான் வந்ததோ, விமானம்தான் வந்ததோ, செப்டெம்பரில் புது ஷீல்ட் பெட்டிகள் வாட்டுக்கு வந்து சேர்ந்தன. அதுவரை அந்த ஒன்பது பேரும் என் எலும்பு இருந்த இடத்தின் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு இலேசாக வந்து போனது. மஸீனாவுக்கு வரவில்லை. கொரோனா வாட்டு வேலை முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை அவள் முன்னறையைக் காலி பண்ணிவிட்டு, தாயின் கட்டிலில் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அன்று தெருவுக்குக் கேட்காதபடி அவர்கள் பேசினார்கள்.

அடுத்த நாள் வட்டிலப்ப இனிப்போடு வந்தவள், துணியில் சுற்றிய ஒன்றையும் நீட்டினாள். அந்த ஷீல்ட். கழுவித் துடைத்து, ஓரமெல்லாம் கீறல் விழுந்திருந்தது. பஞ்சின் வெள்ளையில் நான்கு விரல்நுனிகளும் பளிச்சென்று தெரிந்தன. பின்னால் வெள்ளை வைத்தால் எக்ஸ்ரே தெரியும் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

“வாட்ல எல்லாரும் கேட்டாங்க, ஆன்ட்டி. மடுல்கெல்லையிலேந்து வந்த ஒரு வயசாளி, ‘மிஸ்ஸி, ஒங்க நெத்தியில யாரோ கை வச்சிக் காய்ச்சல் பாக்குறாங்க’ன்னு சொன்னார். பொறகு எனக்குப் பேரே கை மிஸ்ஸி. ‘கை மிஸ்ஸி வந்தாத்தான் ஊசி போட விடுவேன்’னு அடம்.”

கமலம் வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு அவசரமாகக் குசினிக்குள் போனாள். இந்தத் தடவை குளோரின் எதுவும் இல்லை.

இப்போது என் மேல்தட்டு காலி. அதனால் பெரஹராவில் யானை மூன்றாகிவிட்டது. ஹந்தானையிலிருந்து நான் உருண்டது பேராதனை வரை. மறுக்க ஒரு படமில்லை. போன கிழமை வந்த விருந்தாளிகளிடம், ஒரு கை ஐந்து விரலால் நாலாயிரம் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கமலம் தேத்தண்ணீர்த் தட்டை வைத்தாள். அலுமாரிக்குப் போனாள். ஷீல்டைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்க. நாலு வெரல். கட்டவெரலு கழுவுப்பட்டுப் போச்சி.”