உத்தேசமாகப் பத்து லட்சம் பேர்

தவறு என்னுடையதுதான். "ஜெல்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.

கோபு சார் என் வீட்டு உரிமையாளர். கைலாசபுரத்துத் தொழிற்சாலை வாசலில் முப்பத்து நாலு வருடம் வருகைப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலிலும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். உள்ளே வந்தவர் எண்ணிக்கையும் வெளியே போனவர் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். மாடியறைக்குக் குடிவந்த நாளிலிருந்து நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வியாழக்கிழமை மாலை, காலேஜ் ஆய்வக வகுப்பில் லூர்துராணி மிஸ் ஆளுக்கொரு குப்பி கொடுத்தார். உள்ளே ஜெல், அதற்குள் பத்து லட்சம் உயிருள்ள செல்கள். இந்த ஜெல்லின் மூலக்கூறுகள் இறுகப் பிணையாமல் கை கோத்து மட்டுமே நிற்பவை. ஊசியில் அழுத்தினால் கையை விட்டு ஓடும். வெளியே வந்ததும் மறுபடி கோத்துக்கொள்ளும். பழுதான முழங்காலில் செல்களைச் செலுத்தும்போது அவை நசுங்காமல் காப்பது அதுதான். ஓர் இரவு வீட்டில் வைத்திருந்து, மறுநாள் மாலை ஆறு மணிக்கு வகுப்பில் ஊசி வழியே செலுத்திக் காட்ட வேண்டும். எட்டு லட்சமாவது பிழைத்திருந்தால் தேர்ச்சி. எனக்கு இது மூன்றாவது முயற்சி. நான்காவது கிடையாது.

வீட்டு வாசலில், "கையில என்ன?" என்றார் சார்.

"மனுஷ செல், சார்."

"உசிரோட இருக்கா?"

"இருக்கு, சார். பத்து லட்சம்."

சார் பேனா மூடியைக் கழற்றினார். 'ஆன்சியுடன் வந்தோர்: 10,00,000.'

குப்பியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அதோடு வாசலுக்கு வந்தேன்.

"வெளியே போறது எத்தனை பேர்?"

"தெரியலை, சார். சிலது செத்திருக்கும். சிலது ரெண்டாப் பிரிஞ்சிருக்கும்."

"எண்ணிச் சொல்லு."

"எண்ணுற மைக்ராஸ்கோப் காலேஜ்ல இருக்கு, சார்."

"எண்ணாம வெளியே விட முடியாது."

"உத்தேசமாப் பத்து லட்சம்னு போட்டுக்குங்க."

"உத்தேசமா! முப்பத்து நாலு வருஷத்துல அந்த வார்த்தையை நான் எழுதினதே இல்லை."

ஐந்தே கால். அவர் சொல்வதுதான் நியாயமோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

சாரின் மனைவி வேதவதி மாமி உள்ளிருந்து வந்தார். "ஏன்னா, உசிரோட இருக்காளான்னே தெரியலைங்கறா. அப்போ இது ஆஸ்பத்திரி கேஸ். ஃபாக்டரி ஆம்புலன்ஸ் போறச்சே தலையை எண்ணிண்டா நின்னேள்?"

சார் யோசித்தார். "இல்லை. ஆனா வாசல்லேர்ந்து ஒருத்தன் கூடப் போகணும்." பதிவேட்டை இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் கண்டக்டர், "எத்தனை பேர்?" என்றார். சார் வாயைத் திறக்குமுன் "ரெண்டு" என்று முந்திக்கொண்டேன்.

வகுப்பில் ஊசியை அழுத்தினேன். ஜெல் ஓடியது, தட்டில் விழுந்ததும் நின்றது. அதைக் கரைத்து, நீலச் சாயம் சேர்த்து, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செத்த செல் நீலமாகும். கட்டத்துக்குள் உயிருள்ள ஒன்று தெரிந்தால் பத்தாயிரம் என்று கணக்கு, எண்பது வேண்டும். மூன்று முறை எண்ணினேன். எழுபத்தாறு.

மிஸ் மதிப்பெண் தாளை எடுத்தார்.

"நான் பார்க்கலாமா?" என்று சார் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "கோட்டு மேல நிக்கறவாளை ஏன் விட்டே?"

"உள்ளேயா வெளியேயான்னு சந்தேகமா இருந்துச்சு, சார்."

"நாலு கோட்டுல ரெண்டு வர்ற வாசல், ரெண்டு போற வாசல்னு வச்சுக்கோ. மேலேயும் இடது பக்கமும் நிக்கறவாளைச் சேர்த்துக்கோ. மத்த ரெண்டும் பக்கத்துக் கட்டத்துக்காரனோட பாடு."

"முதல் வகுப்புலயே இதைச் சொன்னேனே, ஆன்சி!" என்றார் மிஸ். "ரெண்டு தடவை ஃபெயிலானதும் இதாலதானா?"

மிஸ் எண்ணினார். எண்பத்து மூன்று.

சார் பதிவேட்டில் எழுதினார்: 'வெளியே: 8,30,000.' பிறகு, "மீதி ஒரு லட்சத்து எழுபதாயிரம்?"

"போய்ச் சேர்ந்துட்டாங்க, சார்," என்றார் மிஸ்.

திரும்பும் வழியில் சார் அம்மா மண்டபம் படித்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். "சாவுத் தீட்டு. ஸ்நானம் பண்ணாம ஆத்து வாசப்படி ஏறப்படாது."

"அவங்க உங்களுக்கு உறவு இல்லையே, சார்."

"ராத்திரி நம்மாத்துல தங்கினவா."

சட்டையையும் பதிவேட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் காவிரியில் இறங்கினார். நானும் முழுக வேண்டுமா என்று தெரியவில்லை. கால்களை மட்டும் நனைத்துக்கொண்டேன்.