லவீனியாவின் சுருள் முடி

அந்த முடியைச் சுருட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

என் பெயர் ஜுசிலெயா. சந்தைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். முக்கால்வாசி வேலை, சுருட்டை முடியை நேராக்குவது. எங்கள் கறுப்புப் பெண்கள் வேலை நேர்முகம் என்றாலும் கல்யாணம் என்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். ராணுவக் கர்னலின் மனைவி எலொயீசா சாயம் பூச வருவாள், மரியாதைக்கு 'தோனா' சேர்த்துத்தான் கூப்பிடுவேன். அவள் வெள்ளைக்காரி, நேராக்க ஒன்றும் இல்லை.

கார்னிவல் வேஷத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் மகள் லவீனியாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஜுசிலெயா, இவளுக்கு நல்லா நெருக்கமா சுருட்டி விடு. அலை அலையா வேண்டாம். உங்க ஆளுங்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி."

"கார்னிவலுக்கா, தோனா எலொயீசா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

அந்தப் பெண் ஏற்கெனவே வெயிலில் கிடந்து நன்றாகக் கருத்திருந்தாள். பணக்காரப் பிள்ளைகளின் புது மோகம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணி நேரம் நின்று, மருந்து போட்டுக் குச்சிகுச்சியாகச் சுற்றினேன். வேலை அருமையாக வந்தது. வழக்கம்போல சுருட்டுவதற்கு முன்னே ஒன்று, சுருட்டிய பின்னே ஒன்று என்று போட்டோவும் எடுத்தேன்.

அந்த வாரம் என் வீட்டில் வேறொரு பரபரப்பு. என் ஒரே மகள் தைநாரா மூன்றாவது வருடமாகத் தேசியத் தேர்வு எழுதி, மருத்துவப் படிப்புக்கு இந்த முறை மதிப்பெண் எடுத்துவிட்டாள். அரசுப் பள்ளியில் படித்த கறுப்பு, பழுப்புப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் நான்கு இடம். இவள் பட்டியலில் மூன்றாவது. இனி ஒரே ஒரு படிதான். நிறம் பார்க்கும் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஐந்து பேர் முகத்தைப் பார்ப்பார்கள், கேமரா ஓடும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பா போட்டோ எதுவும் செல்லாது. கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு.

தைநாராவுக்கு அவள் அப்பாவின் வெளுப்பு கொஞ்சம் உண்டு. அந்த லாரிக்காரன் விட்டுப்போனது அது ஒன்றுதான். மூக்கும் உதடும் என்னுடையவை. முடியும் என்னுடையதுதான், ஆனால் ஆறு வயதிலிருந்து அதை ஊர் பார்க்க நான் விட்டதில்லை.

குழு முன்னால் நிற்க வேண்டிய அன்று காலையும் முடி நேராக்கும் இஸ்திரியைச் சூடாக்கி அவளை உட்கார வைத்தேன்.

"அம்மா, இன்னைக்காவது அப்படியே விடேன்."

"பெரிய பெரிய டாக்டருங்க முன்னாடி தலையில துடைப்பத்தை வச்சுக்கிட்டா போய் நிப்ப? பேசாம உக்காரு."

"முடியையும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். சுத்தமான வீட்டுப் பொண்ணுன்னு தெரியட்டும்."

பளபளவென்று நேராக்கி, பின்னால் வாரிக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினேன். எனக்குத் தெரிந்த மரியாதை அது. என் அம்மா என்னை அப்படித்தான் எங்கும் அனுப்பினாள்.

பல்கலைக்கழகத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து சீஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோதுதான் எதிர் பெஞ்சில் என் வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு சுருளும் என் விரல் சுற்றியது. லவீனியா தலையைக் குனிந்துகொண்டாள். எலொயீசா என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். பதினான்கு வருடமாக என் கையில் தலையைக் கொடுத்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

லவீனியா ராணுவப் பள்ளியில் படித்தவள். நீச்சல் குளம் உள்ள பள்ளி, ஆனால் காகிதத்தில் அது அரசுப் பள்ளி. பட்டியலில் நான்காவது அவள்தான். 

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. லவீனியாவுக்கு இடம் உறுதி. தைநாரா நிராகரிக்கப்பட்டாள். காரணம் ஒரே வரி: ஒதுக்கீட்டுக்குரிய தோற்றக்கூறுகள் போதுமான அளவில் காணப்படவில்லை.

போதுமான அளவில். மருந்துக்கடைக் காவலாளிக்குப் போதுமான அளவில் தெரிகிறது, அவள் உள்ளே போனதும் பின்னாலேயே வருகிறான். நான்காம் வகுப்பில் அவளைக் குரங்கு என்று கூப்பிட்ட பையனுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. படித்த ஐந்து பேருக்கு மூன்று நிமிடம் போதவில்லை. அன்று கையில் கிடைத்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். மனம் ஆறவில்லை.

முறையீடு செய்தோம். வேறு ஐந்து பேர், ஆனால் அதே வீடியோவைத்தான் பார்ப்பார்களாம். அதே இழுத்துக் கட்டிய தலை, அதே பதில். அன்றுதான் தைநாராவிடம் லவீனியாவின் சமாச்சாரத்தைச் சொன்னேன். மறைத்துவைக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவளுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"அஞ்சு."

"எனக்கு பதிமூணு வருஷம். எது இருந்தா உள்ள விடுவாங்களோ அதை என் தலையிலேருந்து எடுத்துட்ட. அவ தலையில வச்சு விட்டுட்ட."

"எனக்குத் தெரியாதுடி."

"அவ எதுக்குச் சுருட்டினான்னு தெரியாது, சரி. எனக்கு எதுக்கு நேராக்கினேன்னும் தெரியாதா?"

 

கார்னிவல் முடிந்த வாரம் எலொயீசா மறுபடி வந்தாள், மகளோடு. ஒன்றுமே நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இதை எடுத்துடு ஜுசிலெயா. பழையபடி நேரா. சீப்பே இறங்க மாட்டேங்குதுன்னு ஒரே புலம்பல்."

"ஏன், இப்ப வேண்டாமா?"

"அட்மிஷன்தான் ஆயிடுச்சே."

அப்படியே சொன்னாள், கடன் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுப்பதுபோல. 

"என் பொண்ணுக்கு இல்லேன்னுட்டாங்க, தோனா எலொயீசா."

"கேள்விப்பட்டேன், பாவம். அடுத்த வருஷம் எழுதட்டும். எங்க அம்மாவழிப் பாட்டி ஒருத்தி செவ்விந்தியப் பொம்பளை, தெரியுமா உனக்கு? நாங்க ஒண்ணும் பொய் சொல்லலை."

"எந்திரிச்சு வெளிய போங்க."

"என்ன பேசுற நீ? எத்தனை வருஷப் பழக்கம்."

"அந்தப் பழக்கம் வராந்தாவுல எங்க போச்சு? போங்க."

லவீனியா முதலில் எழுந்தாள். வாசலில் திரும்பி ஏதோ சொல்ல வந்தாள், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடையைப் பூட்டினேன். தைநாரா வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். "கிளம்பு," என்றேன். ஏன் என்று கேட்காமல் கூட வந்தாள். பல்கலைக்கழகத்துப் புகார்ப் பிரிவில் ஓர் இளைஞன் இருந்தான், அவனும் எங்கள் நிறம்தான். செல்போனில் இருந்த இரண்டு போட்டோவையும் காட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சுருட்டினது யாருன்னு எழுதணும்மா."

"நான்தான். எழுதுங்க."

"உங்க பேரும் விசாரணையில வரும். கர்னல் வீடு, சும்மா விட மாட்டாங்க."

"எழுதுங்க."

அவன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தைநாராவைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஒண்ணு சொல்லிடறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணை எடுத்தாலும் இடம் உங்க பொண்ணுக்கு வராது. இவங்க முறையீடு முடிஞ்சுபோச்சு. பட்டியல்ல அடுத்து இருக்கிறவங்களுக்குத்தான் போகும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. வழியெல்லாம் லவீனியாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் என் மகளை உட்கார வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். மகளைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது யாரு?" என்று அவளே கேட்டாள்.

"தார்சிலா. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு. ஆறாவது. உங்க இடம் அஞ்சாவது ஆளுக்குப் போயிடுச்சு."

"குழு முன்னாடி நின்னாளா?"

"நின்னாங்க. உறுதி ஆயிடுச்சு. இடம்தான் இல்லை."

தைநாரா காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"போடும்மா கையெழுத்தை."

தார்சிலா யாரென்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா அன்று அவள் முடியை அப்படியே விட்டு அனுப்பியிருக்கிறாள், அது மட்டும் தெரியும்.  கையெழுத்தைப் போட்டேன்.