படிவத்தின் கீழ் ஓரம்

என் மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மருந்து அட்டை, பள்ளிக்கூட விண்ணப்பம், ரசீதுப் புத்தகம் என்று எது அச்சுக்குப் போனாலும் முதல் பிரதி அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். இரும்பு அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக நகர்வாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதுதான். பேச்சு மட்டும் குறைவு. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று என் அண்ணி சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். எனக்கென்று ஒரு வேன் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐந்து வருட வைப்புத் தொகையாக ஒரு நிதி நிறுவனத்தில் போட்டாள். ஏப்ரலில் முதிர்வடைந்தது. போய்க் கேட்டால், "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டே போய், டிசம்பரில் அவர்களே கூப்பிட்டார்கள். நாலைந்து தாள்களில் கையெழுத்துப் போட்டால் பதினைந்து நாளில் காசோலை வந்துவிடுமாம். போட்டுவிட்டு வந்தாள். அதோடு கிணற்றில் போட்ட கல்.

மார்ச்சில் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் அவளே மனு எழுதிக் கொடுத்தாள். வக்கீல் வைக்கலாமே என்றேன். "நடந்ததத்தானே சொல்லப் போறேன், அதுக்கு எதுக்குங்க வக்கீலு?" என்றாள்.

நிறுவனத்தின் பதில் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. பணம் முதிர்வடைந்த ஏப்ரலிலேயே முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்களாம். பெற்றுக்கொண்டதற்கு அவள் போட்ட கையெழுத்து இருக்கிறதாம்.

விசாரணை நாளில் அந்தச் சின்ன அறை நிரம்பியிருந்தது. பின் பெஞ்சுகளில் இருந்த பதினொரு பேரும் அதே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டவர்கள். ஒரு தச்சர், ஒரு நர்ஸ், கண் சரியாகத் தெரியாத ஓய்வுபெற்ற வாத்தியார் என்று பலவகை. எல்லாருக்கும் வந்திருந்தது இதே பதில்தான்.

நிறுவனத்தின் வக்கீல் அசல் ரசீதை நீட்டினார். மன்றத் தலைவர் வயதான அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் மனைவியைப் பார்த்து, "இது உங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டார்.

"என்னோடதுதாங்க."

பின் பெஞ்சில் யாரோ "அடக்கடவுளே" என்றார். வக்கீல் சிரித்தபடி உட்காரப் போனார்.

"நான் அதக் கையில வாங்கிப் பாக்கலாங்களா?" என்றாள் அவள்.

கொடுத்தார்கள். பையிலிருந்து அளவுகோலை எடுத்து, முதல் வரிக்குக் கீழே வைத்தாள். அறையே காத்திருந்தது. வக்கீல் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அளவுகோல் வரி வரியாக இறங்கிக் கையெழுத்தைத் தாண்டியது. அதற்கும் கீழே, தாளின் விளிம்பில் போய் நின்றது.

"அம்மா, பணம் குடுத்த தேதின்னு இதுல போட்டிருக்கிறது போன வருஷம் ஏப்ரல். ஆனா கீழ் ஓரத்துல பாருங்க. பொடி எழுத்துல அச்சகத்துப் பேரு, எத்தன பிரதி, எந்த மாசம்னு இருக்கு. ரெண்டாயிரம் பிரதி, அதே வருஷம் நவம்பர். நவம்பர்ல அச்சடிச்ச தாள்ல ஏப்ரல்ல எப்படிங்க நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். தலைவர் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ குறியீடாக இருக்கலாம் என்று முனகினார்.

"அச்சகத்தக் கூப்பிட்டுக் கேட்டாத் தெரிஞ்சிருமேங்க" என்றாள் அவள்.

தலைவர் அப்படியே உத்தரவு போட்டார். பிறகு கேட்டார்: "சரிம்மா, இவ்வளவு பாக்கிறவங்க டிசம்பர்ல ஏன் படிக்காம கையெழுத்துப் போட்டீங்க?"

அன்றைக்கு அந்த அலுவலக வாசலில் பேருந்தை நிறுத்திக்கொண்டு, பிள்ளைகளை ஏற்ற நேரமாகிறது என்று ஓயாமல் ஹாரன் அடித்தவன் நான். அவள் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"அவசரத்துல போட்டுட்டேங்க. தப்பு என்னோடதுதான்" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஹாரன் அடிச்சது நான்தானே. அதச் சொல்லியிருக்கலாம்ல?"

"அது வழக்குக்கு வேண்டாத வரி. கோடு போட்டு அடிச்சிட்டேன்" என்றாள்.

நான் மேலே பேசுவதற்குள் நர்ஸ் அம்மா ஓடிவந்து தன் ரசீதின் நகலை நீட்டினார். பின்னாலேயே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். வராந்தாச் சுவரோரம் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினொன்றிலும் அதே நவம்பர். அவளே படித்துச் சொல்லி முடித்துவிடவில்லை. ஒவ்வொருவர் விரலையும் பிடித்து அந்த வரியின் மேல் வைத்து, "நீங்களே படிங்க. நாளைக்கு நீங்கதான் சொல்லணும்" என்றாள். வாத்தியாருக்கு எழுத்து தெரியவில்லை. தச்சர் மரவேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். வாத்தியார் வாய்விட்டு, "ந… வ… ம்… பர்" என்று படித்ததும் வராந்தாவே சிரித்துவிட்டது. அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. நான் அறிந்து அதுதான் முதல் முறை.

அடுத்த விசாரணைக்கு அச்சகத்துக்காரர் விநியோகப் புத்தகத்தோடு வந்தார். நவம்பர் பதினொன்றாம் தேதி இரண்டாயிரம் படிவங்கள் நிறுவனத்துக்குப் போனதாக எழுதியிருந்தது. பதினொரு பேரும் வரிசையாக எழுந்து, தாளைத் தூக்கிக் காட்டி, தங்கள் வாயாலேயே சொன்னார்கள். யாருக்கும் குரல் நடுங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். முதலும் வட்டியும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் ஆறு வாரத்துக்குள் கொடுக்க உத்தரவானது. பொய் ரசீது கொடுத்ததற்குத் தனி விசாரணையும் வந்தது.

தீர்ப்பு முடிந்து அவள் எழுந்தபோது பின் பெஞ்சு முழுக்க எழுந்து வழிவிட்டது. தச்சர், "நீங்க முன்னால நடங்கம்மா" என்றார். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடிப்போய் வாசலைக் கடந்தாள்.

நான் அவர்களோடு நின்றுவிட்டேன். அந்த முதுகை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இப்படி எழுந்து நின்று பார்த்ததில்லை.