சத்தமில்லாத சனிக்கிழமை

...இல்லை, குழாயும் மூடித்தான் இருக்கிறது, அப்படியென்றால் என் மகள், அந்தச் சில்வண்டு எங்கே, இந்நேரம் நாற்காலியை ஜன்னலடிக்கு இழுத்துப்போய், ஏறி, எதற்கு ஏறினோம் என்று மறந்து, இறங்கி, மறுபடி ஏறியிருக்க வேண்டுமே. ராத்திரி முழுக்கப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து படுத்தவன் நான், கண் எரிகிறது, தூக்கம்தான் வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அவள் போடும் கூத்துக்கு நடுவில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிப் பழகியவன். சத்தம் கேட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறாள், நின்றால்தான் எழுந்து ஓட வேண்டும். போன தடவை நின்றபோது அவள் அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்துத் திரைச்சீலைக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தாள், உள்ளே காற்று வரட்டுமாம்... இன்று நின்றதற்குக் காரணம் வேறு. காலையில் நான்தான் கொடுத்தேன், முதல் மாத்திரை.

ஏடிஎச்டி. டாக்டர் அம்மா சொன்னபோது ஏதோ வண்டி நம்பர் மாதிரி இருந்தது. கவனத்தைப் பிடித்துவைப்பது அவளுக்குக் கஷ்டம், வேண்டுமென்று செய்யவில்லை, உங்கள் வளர்ப்பும் தப்பில்லை என்றார், லிஃப்டில் இறங்கும்போது மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதுவரை வளர்ப்பு சரியில்லை என்று சொல்லாத ஆள் யார்? பஸ்ஸில் முன்பின் தெரியாத அம்மாள், ரெண்டு வெச்சா அடங்கிடும்மா என்பாள், கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார், டீச்சர் கடைசி பெஞ்சுக்கு அனுப்பி, அங்கேயும் தாங்காமல் வராந்தாவுக்கு அனுப்பினார். மச்சினன் சிரித்தான், அப்பனை உரிச்சு வெச்சிருக்கா, நீங்களும் காலேஜ்ல உட்கார முடியாம ஓடி வந்தவர்தானே மாமா. சரிதான், ஓடிவந்தேன், என்ன இப்போது? இவர்களுக்கெல்லாம் வேண்டியது ஒரு மரக்கட்டை. எனக்கு மட்டும் வேண்டாமா, நான் என்ன யோக்கியனா, பகலில் தூங்குகிறவன். ஒத்துவரலேன்னா மாத்திக்கலாம், எப்படி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க என்றிருக்கிறார் டாக்டர் அம்மா. சாயங்காலம் தையல் கம்பெனியிலிருந்து மனைவி வந்ததும் கேட்பாள், நான் சொல்வதை வைத்துத்தான் நாளைக்கு மாத்திரை உண்டா இல்லையா. என்னத்தைச் சொல்ல, சத்தம் நின்றுவிட்டது என்றா? சத்தத்தோடு அவளும் போயிருந்தால்?

எழுந்து போனேன். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக் குதிரை வரைந்துகொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க இவள் குதிரைகள்தான், எல்லாவற்றுக்கும் இரண்டு கால்கள்தான், மூன்றாவது காலுக்குள் இவள் வேறெங்கோ போயிருப்பாள். இதற்கு நாலாவது காலில் குளம்பு போட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதே நாக்கு, அப்பாடா, அவளேதான்.

"ஏம்ப்பா எழுந்து வந்தே? நான் சத்தமே போடலையே."

"போடலேன்னுதான்டி வந்தேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்போ மாத்திரை வேலை செய்யலையா? உனக்குத் தூக்கம் வரத்தானே அது?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ தூங்கணும், டீச்சருக்குத் தலைவலி போகணும், கீழ்வீட்டுத் தாத்தா இடிக்கக் கூடாது. அதுக்குத்தானே நான் சாப்பிட்டேன்."

யாரும் சொல்லவில்லைதான், எல்லாரும் சேர்ந்து தினமும் சொன்னோம், ஊருக்கே வைத்தியம் என்று நினைத்து அந்தக் கசப்பை முழுங்கியிருக்கிறாள்... பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அது உனக்குத்தான்டி. உனக்கு எப்படி இருக்கு?"

பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் அவள் ஒன்றை யோசித்து நான் பார்த்ததில்லை, மாத்திரையா, இல்லை இதை இதுவரை யாரும் அவளைக் கேட்டதே இல்லையா...